யாரும் ஏலம் கேட்காத மரம்

நவம்பர் 12

தைக்க வேண்டிய திரைச்சீலைகள் மலை மாதிரி கிடக்கின்றன. ஆனாலும் மதியமே கடையை மூடிவிட்டு எதிர்சாரியில் இருக்கும் அக்காவின் படச்சட்டக் கடைக்குப் போனேன். மரத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. குழந்தைகள் ஆஸ்பத்திரிக்காக வருடாவருடம் கிறிஸ்துமஸ் மரங்களை ஏலம் விடுகிறார்கள். கடைக்காரர்கள் மரத்தை அலங்கரித்து நன்கொடையாகக் கொடுப்போம். பிடித்தவர்கள் ஏலம் கேட்டு எடுத்துப் போவார்கள். எங்கள் இரண்டு கடைக்கும் எப்போதும் ஒரே மரம்தான். துணி வேலை என் பாடு, மற்றதெல்லாம் அவள் பாடு.

"இந்த வருஷம் தனித்தனியா பண்ணிக்கலாம்டி" என்றாள். எழுந்துகூட வரவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

"ஏன்க்கா?"

"சும்மாதான். நீ உன் இஷ்டத்துக்குப் பண்ணு."

சும்மாவாம். போன வருடம் பத்திரிகைப் படத்தில் நான் மட்டும் முன்னால் நின்றேன். அதை மனதில் வைத்திருக்கிறாளோ? இருக்கும்.

நவம்பர் 15

சரி, தனித்தனியே இருக்கட்டும். பார்த்துவிடலாம்.

நவம்பர் 23

அவள் கடை ஷட்டர் மதியமே பாதி இறங்கியிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நான் இறங்கி வந்த மாதிரி ஆகிவிடும்.

இவர் சாப்பிடும்போது சொன்னார்: "ஒரே தெருவுல கடை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் எல்லைக் காவல் நிக்கறீங்க. நான் கடக்கணும்னா பாஸ்போர்ட் வேணும்போல." சிரித்தேன். சாப்பிட்டு முடித்து, மரத்துக்கு இன்னொரு வரிசை பட்டுக் குஞ்சலம் தைத்தேன்.

டிசம்பர் 6

இன்று ஏலம். எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

என் மரத்துக்குப் போட்டி போட்டுக் கேட்டார்கள். கைதட்டல். எழுந்து நின்று கும்பிட்டேன். முகமெல்லாம் பல்.

பிறகு அக்காவின் மரம் வந்தது. விளக்குச் சரம் இல்லை, உருண்டை இல்லை, ஒரு ரிப்பன்கூட இல்லை. வெறும் சட்டங்கள் — படமில்லாத மரச்சட்டங்கள், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிளையில் மாட்டியிருந்தன. உச்சியில் ஒன்றுமே இல்லை. எனக்குப் பின்னால் யாரோ, "படம் வைக்க மறந்துட்டாங்கபோல" என்றார்கள். அந்த வரிசையே சிரித்தது.

நானும் சிரித்தேன்.

ஏலம் விட்ட டாக்டர் நல்ல மனுஷன். "வித்தியாசமான மரம். யாராவது ஆரம்பிச்சு வைங்க" என்று கேட்டார். அமைதி. தொகையைக் குறைத்துக் கேட்டார். திரும்பவும் அமைதி. என் கை மடியிலேயே இருந்தது. கை தூக்கினால் என்ன குறைந்துபோயிருக்கும்? என்னை வேண்டாம் என்றவள்தானே, கொஞ்சம் படட்டும் என்று நினைத்தேன். அப்படியேதான் நினைத்தேன், வேறு மாதிரி எழுதி என்ன ஆகப்போகிறது.

மரத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். அக்கா ஒருமுறை என் பக்கம் பார்த்தாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள். மாட்டுவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 7

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த மரத்தை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று ஏலத்தை நடத்தும் ஏற்பாட்டாளர் அம்மாவிடம் சொன்னேன்.

"எக்ஸ்ரே அறை வாசல்ல வச்சாச்சும்மா. இனிமே அது விக்கிறதுக்கு இல்ல. நீங்க நேத்து இங்கதானே இருந்தீங்க?"

இருந்தேன்.

டிசம்பர் 9

அக்காவுக்கும் சேர்த்து நன்றிச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனேன்.

அவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பாதிக்கும் கீழேதான் டீ. அப்படியும் அது ததும்பியது. நான் நிற்பதைப் பார்த்ததும் கீழே வைத்தாள். மேஜை மேல் டம்ளர் கடகடவென்று அடித்து நின்றது.

"எப்பலேர்ந்து?"

"கோடைலேர்ந்து. நடுக்குவாதமாம். கொறையாதாம், மெதுவாக் கூடிக்கிட்டே போகுமாம்." யாருக்கோ வந்த நோயைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "கண்ணாடி வெட்டுறத நிறுத்திட்டேன். சின்னதா எதுவும் கட்ட வரல. சட்டத்துல கொக்கி இருக்கு, மாட்டிடலாம். அதான் மரம் அப்படி."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உன்கூட உக்காந்து வேல செஞ்சா நீ பாத்துடுவ. கொஞ்ச நாள் பழசு மாதிரியே இருக்கலாம்னு தோணுச்சு."

மரத்தை நானே வாங்கப் போன கதையைச் சொன்னேன். எதற்குச் சொன்னேன்? நல்ல பேர் வாங்கவா?

"இப்ப வாங்கி யாருக்குடி?" என்றாள். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "யாரும் கேக்கலன்னு எனக்கு வருத்தமில்ல. நீ சிரிச்சதப் பாத்தேன்."

டிசம்பர் 10

ஆமா, சிரிச்சேன். எந்தக் கண்ணால அத அவ பாத்துட்டு உக்காந்திருந்தாளோ. நான் எல்லாம் ஒரு தங்கச்சி.

ஜனவரி 18

சாப்பாடு கொண்டுபோனேன். "வச்சுட்டுப் போ" என்றாள். எங்கள் வீட்டோடு வந்து இருக்கச் சொன்னேன். "என் வீடு நல்லாத்தான் இருக்கு." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டு, அழுது, சரியாகியிருக்கும். வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி பேசுகிறாள்.

ஏப்ரல் 3

கண்ணாடி வெட்டும் மேஜையை விற்றுவிட்டாள். வண்டியில் ஏற்றியதை என் கடை ஜன்னலிலிருந்து பார்த்தேன். உதவிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலேயே போயிருக்கலாம். வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன்.

நவம்பர் 8

ஏற்பாட்டாளர் அம்மா போன் பண்ணினார். இந்த வருடம் மரம் என்னால் முடியாது, துணி வேண்டுமானால் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

நவம்பர் 20

காலையில் கடை திறந்து விளக்குமாற்றை எடுக்கிறேன், வாசலில் அக்கா. வங்கிக்குக் கிளம்பியிருந்தாள். உள்ளே வரவில்லை. வலது கையை என் முன்னால் நீட்டினாள். மணிக்கட்டில் சட்டைப் பொத்தான் மாட்டாமல் தொங்கியது.

போட்டுவிட்டேன். அவள் கை என் கைக்குள் நடுங்கிக்கொண்டே இருந்தது. எத்தனை வருடம் ஆயிற்று, அந்தக் கையைத் தொட்டு.

"இன்னொரு கை?"

"அத நானே போட்டுட்டேன்" என்று காட்டினாள். சரியாகத்தான் போட்டிருந்தாள்.

பேருந்து நிறுத்தம் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே கடையைத் திறக்க வேண்டும்.