கழற்றி வைத்த நீடில் கார்டு

ஆடி 6, திங்கள்
பேய்க் காற்று. பல்லடம் ரோட்டில் ஆட்கள் பட்டம்போலப் பறந்தார்கள். இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

இன்று சரித்திர நாள். பனியன் கம்பெனிப் பயிற்சிக் கூடத்தில் அடியேன் ஓவர்லாக் மெஷினில் நூல் கோத்துத் தைத்துக் காட்ட, அக்கா மகள் கவிதா போனில் படம் பிடித்தாள். ஒடிசாவிலிருந்து புதிதாக வந்த பெண்களுக்கு இனி பாடமெல்லாம் போனில்தான்.

ஊசிக்கு முன்னால் விரலைத் தடுக்கும் சின்னக் கம்பி, நீடில் கார்டு. அது குறுக்கே நின்றது.

"மறைக்குதுங்க மாமா. கழட்டிப்போடுங்க."

கழற்றினேன். "இது படத்துக்காக. நீங்க யாரும் கழட்டிராதீங்க" என்று மைசூர் வரை கேட்கும்படி சொல்லியும் வைத்தேன். வீடியோவை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாயிற்று.

வாங்க வேண்டியவை: மெஷின் ஆயில், முறுக்கு.

செவ்வாய்
புகழ் தாங்க முடியவில்லை. டீ நேரத்தில் ஆளுக்கொரு போன். எல்லாவற்றிலும் என் கை.

ஒடிசாப் பெண் சபிதா என் ஆள்காட்டி விரலைப் பார்த்து, பாதி நகம் எங்கே என்றாள். அமராவதி அணையில் முதலை கடித்தது, நானும் திருப்பிக் கடித்தேன், முதலைதான் ஆஸ்பத்திரி போனது என்றேன்.

"பொய் மாமா!" விழுந்து விழுந்து சிரிப்பு.

புதன்
இன்று எழுத்து கோணல்.

மாலை நாலு மணி. சபிதாவின் நகத்தோரத்தைச் சீவிக்கொண்டு இறங்கியது ஊசி. வெள்ளைத் துணியில் ஒரு பொட்டு ரத்தம். ஒரு நெல் அளவு தள்ளியிருந்தால்... வேண்டாம்.

அவள் மெஷினில் கார்டு இல்லை. பக்கத்து மெஷினிலும் இல்லை. அந்த வரிசையிலேயே இல்லை. எல்லாம் ஒரு டிபன் மூடியில், பத்திரமாக.

"யாரு கழட்டச் சொன்னது?"

சபிதா போனை நீட்டினாள். "மாமா கழட்டு. நாங்க கழட்டு. பர்ஸ்ட் ஸ்டெப்."

போனில் சத்தமே வைக்கவில்லை. மெஷின் இரைச்சலில் வைத்து என்ன பயன்? என் மைசூர்க் குரல் ஒரு காதிலும் விழவில்லை. கை மட்டும் பாடம் நடத்தியிருக்கிறது.

கவிதா முகம் வெளிறி வந்தாள். "அருள்புரம் யூனிட்ல பாடம் எடுக்கற செந்தில் அண்ணனுக்கும் அந்த வீடியோவ அனுப்பிச்சுப்போட்டனுங்க மாமா. அங்க நாளைக்குப் புது பேட்ச்."

செந்தில் போன் ஸ்விட்ச் ஆஃப். அந்த யூனிட்டுக்கும் இன்று லீவு, பூட்டிக் கிடக்கிறது. நாற்பது தடவை கூப்பிட்டேன். இது மிகையில்லை.

சாயங்காலம் வேறு வீடியோ. பேச்சே இல்லை. கார்டை மாட்டினேன், தைத்தேன். பிறகு அரை நக விரலை ஊசிக்கு நேராக நீட்டிக் காட்டினேன். முப்பது வருசம் முன்பு, வேகம் வேண்டுமென்று இதே கம்பியைக் கழற்றிய விரல்.

சபிதா தன் விரலில் போட்ட மருந்துக் கட்டைத் தொட்டாள்.

"முதலை இல்ல?"

"இல்ல கண்ணு."

சிரிக்கவில்லை.

வியாழன்
காலை மணி ஏழே முக்கால். காற்று நிற்கவில்லை.

செந்திலுக்கு அனுப்பிய புது வீடியோ இன்னும் ஒற்றை டிக், போய்ச் சேரவில்லை. பழைய வீடியோவோ திங்கட்கிழமையே அவர் போனுக்குள். அங்கே முதல் பாடம் எட்டரைக்கு.

கவிதா வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டாள். "ஏறுங்க மாமா!"

இந்த விரலை நேரிலேயே கொண்டுபோகிறேன்.