தொட்டில் சட்டங்களின் இடைவெளி

முவார், மலேசியா

வார்தினிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிள்ளை பெற்ற உடம்பு தேறிவிட்டதா? அம்மாவின் கால்வீக்கம் வடிந்ததா? நம் மகன் நன்றாகப் பால் குடிக்கிறானா? நான் சுகம்.

முதலாளி கோவின் வீட்டுப் பின்கட்டுப் பட்டறையில் நம் மகனுக்கு ரப்பர் மரத்தில் தொட்டில் செய்தேன். அழகாக இருக்கட்டும் என்று பக்கச் சட்டங்களுக்கு நடுவே நிறைய இடம் விட்டிருந்தேன். ஞாயிறன்று முதலாளியம்மா தன் பேத்தி சியூ யென்னை அதில் படுக்கவைத்து, "பர்ஜோ, உன் பையனுக்கு முன்னாடி எங்க ராணி படுத்தாச்சு!" என்று சிரித்தார்.

பசை டப்பாவை மூடிவிட்டுத் திரும்பினேன். குழந்தையின் உடம்பு சட்டங்களுக்கு நடுவே நழுவி வெளியே தொங்கியது. தலை மட்டும் உள்ளே மாட்டியிருந்தது. சத்தமே இல்லை.

"ஐயோ, புள்ளைக்கு மூச்சில்லடா!" என்று முதலாளியம்மா அலறினார்.

"உடம்பத் தாங்கிப் பிடிங்கம்மா!" என்று கத்திக்கொண்டே சட்டத்தின் அடியைச் சுத்தியலால் அடித்துப் பெயர்த்தேன். குழந்தை வீறிட்டு அழுத பிறகுதான் சுத்தியலைக் கீழே போட்டேன்.

பயப்படாதே. மறுநாளே என் மீசையைப் பிடித்து இழுத்தாள். எனக்குத்தான் இன்னும் உளியை எடுக்க மனம் வரவில்லை. அந்தத் தொட்டிலைத்தான் நம் ஊர் ஜெபாராவுக்கு அனுப்ப இருந்தேன், வார்தினி.

"சட்டத்த நெருக்கமாப் போடுடா, இடுப்பு நுழையக் கூடாது" என்கிறார் முதலாளி. மகன் தூங்கும்போது இடுப்பை நூலால் அளந்து அனுப்பு. தலையையும் அளந்து தனி நூல் அனுப்பு. அது தொட்டிலுக்கு இல்லை. நான் இன்னும் பார்க்காத அவன் எவ்வளவு பெரியவன் என்று கையில் வைத்துப் பார்க்கத்தான்.

முதலாளி கூப்பிடுகிறார்.

பர்ஜோ