மூன்று முறை கூப்பிடச் சொன்னது நான்தான்

கடல் கடந்து சூர் நகரத்தில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன், நான் வளர்த்த பிள்ளை லாலிக்கு, நம் தீவிலுள்ள சியூவிலிருந்து சித்தப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் இரண்டு கழுதைகளும் சுகம், உன் சித்தி மட்டும் சுகமில்லை. பெருநாள் கழிந்து மூன்றாம் வாரம் விழுந்தவளுக்கு வலது கையும் பேச்சும் போய்விட்டன. போனில் நான் சொன்ன காய்ச்சல் கதை பொய். போனில் பேசினால் அவள் காதில் விழும், அதனால்தான் பேனா பிடித்தேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, இதைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் மாவட்ட அதிகாரியே எழுந்து நின்றார்.

போன வருஷம் நம் தீவு ஆஸ்பத்திரிக்கு மலைப்பக்கத்திலிருந்து முதிசோ என்று ஒரு நர்ஸ் வந்தான், கிறிஸ்தவப் பிள்ளை, உன் வயசுதான். சித்திக்குப் பிரஷர் பார்க்க வியாழன்தோறும் வருவான். முதல் நாளே குரல் கொடுக்காமல் முற்றத்துக்குள் நுழைந்துவிட்டான், அவள் தலையில் துணியில்லாமல் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் போட்ட சத்தத்தில் தீவிலுள்ள காகமெல்லாம் பறந்தது. பள்ளிவாசல் முன்னால் நூறு பேர், இல்லை, இருநூறு பேர் பார்க்க அவனை நிறுத்தினேன். டேய் தம்பி, இது உங்க ஊர் சந்தையில்ல, பொம்பளைங்க இருக்கிற வீடு, கதவுக்கு முதுகைக் காட்டி நில்லு, உள்ள வரலாமான்னு கேட்டு ஹோடின்னு மூணு தடவை கூப்பிடு, பதில் வந்தா உள்ள போ, வரலன்னா திரும்பிப் பாக்காம நடையைக் கட்டு, என் கழுதைக்கே இது தெரியும்டா என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மட்டும், தெரியாம செஞ்சுட்டேன் பெரியவரே, இனிமே நடக்காது என்றான். அதற்கப்புறம் அவனைப்போல் ஒழுங்கு யாரிடமும் இல்லை, நோன்பு மாதத்தில் தண்ணீரைக்கூட மறைவில் போய்த்தான் குடித்தான். அவனை மனுஷனாக்கியது நான்தான் என்று சொல்லித் திரிந்தேன்.

சித்தி விழுந்த அந்த வியாழன் நான் படகுத்துறையில் என் சுறாக் கதையை அளந்துகொண்டிருந்தேன். முதிசோ வந்திருக்கிறான், மூன்று முறை கூப்பிட்டிருக்கிறான், போய்விட்டான். சித்தி உள்ளே விழுந்து கிடந்தாள். மதிய லுஹர் தொழுகை முடிந்துதான் நான் வீடு வந்து பார்த்தேன். உள்ள யாரோ முனகுற மாதிரி கேட்டுது பெரியவரே, நாலாவது தடவை கூப்பிட வாயெடுத்தேன், நீங்க சொன்னது ஞாபகம் வந்துது, போயிட்டேன் என்று சொல்லி அழுதான்.

நம் ஊரில் பிறந்தவனாயிருந்தால் பதில் வராதபோது பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் போவானா? அக்கா, அங்க சத்தத்தைக் காணோம், கொஞ்சம் எட்டிப் பாருங்க என்றிருப்பான். பக்கத்து வீட்டு ரெஹெமா வாசலில்தான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். இதை நமக்கு யாரும் சொல்லித்தருவதில்லை, பார்த்தே பழகுகிறோம். அவன் எதைப் பார்த்தான்? பாதி வழக்கத்தைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைத்தவன் நான்.

ஊர்ப் பெரியவர்கள் அவனை மாற்றச் சொல்லி மனு எழுதினார்கள். ஷீ அத்மான், மொத கையெழுத்து உன்னோடது, நீ அவ்வளவு படிச்சுப் படிச்சுச் சொல்லியும் இந்த மடையன் என்ன பண்ணிட்டான் பாரு என்றார் இமாமின் அண்ணன். பாதிதான் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன். அன்றைக்குச் சிரித்த இருநூறு முகமும் கண்முன் வந்தது. பெரிய எழுத்தாகக் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை அவன் பெட்டியோடு படகேறினான்.

தரையில் கிடந்தபடி அந்த மூன்று கூப்பாட்டையும் கேட்டுத்தான் சித்தி முனகியிருக்கிறாள். அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது யார், மனுவில் முதல் கையெழுத்து யாருடையது, எல்லாம் தெரிந்தவள். என் கையால் கஞ்சி வாங்குவதில்லை, ரெஹெமா ஊட்டினால் வாய் திறக்கிறாள். என்னைக் கண்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

லீவு கிடைத்தால் வா, உன் கையால் சாப்பிடுவாள். அங்கே நீயும் புது ஆள். எந்த வழக்கம் சொன்னாலும், அப்புறம் என்ன செய்யணும்னு கேள், சொல்பவன் என்னைப்போல் வாய்க்காரனாக இருந்தால் இரண்டு தடவை கேள். அல்லாஹ் உன் கைகால்களைக் காப்பாற்றட்டும், உன் சம்பாத்தியத்தில் பரக்கத் தரட்டும். முதிசோவின் விலாசத்தை ஆஸ்பத்திரியில் வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். உன் மேல் தப்பில்லை, என் சித்தப்பன் மேல்தான் என்று அவனுக்கு நீ எழுது, மறந்துவிடாதே. நானே நாலு தாளில் எழுதிப் பார்த்தேன் மகனே, ஒவ்வொரு தாளிலும் எப்படியோ நான் நல்லவனாகவே வந்துவிடுகிறேன்.

உன் சித்தப்பா
ஷீ அத்மான்