வண்டியில் சொன்னது

இன்று காலை ஆம்புலன்ஸ் கதவைத் திறந்ததும் மருந்து வாடைக்கு முன்னால் ஈர மண் வாடைதான் வந்தது. வேர்க்கடலை பிடுங்கப் போன பெண் ஒருத்தி வரப்பில் மயங்கி விழுந்திருந்தாள். புடவையெல்லாம் செம்மண். உன் நினைவு வந்தது. அழுகை வரவில்லை, எழுதத்தான் தோன்றியது.

நாம் சேர்ந்து நர்சிங் படித்தோம். எனக்கு மருத்துவமனையில் அவசரப் பிரிவு கிடைத்தது, உனக்கு ஒப்பந்தத்தில் ஆம்புலன்ஸ். நோயாளியை இறக்கும்போது அவர் நிலையைப் பற்றி நீ சொல்வதை எங்களில் யாரும் நின்று கேட்டதில்லை. ஒருவர் ஸ்ட்ரெச்சரை இழுப்பார், இன்னொருவர் கூட வந்தவங்க யார் என்று கத்துவார். நீ என் கையைப் பிடித்து நிறுத்தி, சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வாய்.

"நான் இன்னா ஸ்கூல் புள்ளயாடி, ஒப்பிக்கறதுக்கு?" என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"படிக்கறப்பவே உனக்குக் காது கம்மி, வாய் ஜாஸ்தி. சொல்லுடி."

கீழ்பென்னாத்தூர் பக்கம் மினி லாரி கவிழ்ந்த அன்றுதான் எனக்கு அது விளங்கியது. கடலைக் கொல்லைக்குக் கூலி ஆட்களை மூட்டை போல ஏற்றிப் போன வண்டி. மூட்டை என்றால் கயிறாவது கட்டியிருப்பார்கள். நீ இரண்டு பெண்களைக் கொண்டுவந்தாய். பச்சைப் புடவைக்காரிக்குக் கால் உடைந்திருந்தது. அவள் அலறியதில் எல்லோரும் அங்கேதான் ஓடினோம். சிவப்புப் புடவைக்காரி பெஞ்சில் உட்கார்ந்து, தனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நீ படபடவென்று சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன்: "பச்சைப் புடவை, கால் உடைஞ்சிருக்கு, வழியில வாந்தி, கொஞ்ச நேரம் நெனவு இல்ல."

உன் முகம் மாறியது. "இல்லடி, மாத்திச் சொல்லிட்டேன். வாந்தி எடுத்தது அந்தம்மா" என்று பெஞ்சைக் காட்டினாய்.

அவளுக்குத் தலைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. ஸ்கேன், உடனே அறுவை சிகிச்சை. பிழைத்தாள். தவறு உன்னுடையது. அதைப் பிடித்ததும் உன் பழக்கம்தான்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. மாற்று ஆள் இல்லை என்று லீவு தரவில்லை. ஊரே உங்கள் சேவையைப் புகழும். ஒரு நாள் படுக்க மட்டும் விடாது. வேங்கிக்கால் அருகே சுருண்டு விழுந்து, உன் வண்டியிலேயே படுத்து வந்தாய். பின்னால் உன்னோடு யாரும் இல்லை. பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள வேண்டியவள் நீதான். அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் அவசரப் பிரிவு நிரம்பி வழிந்ததாம். எனக்கு அன்று டூட்டி இல்லை. நான் வருவதற்குள் முடிந்துவிட்டது. டெங்கு என்றார்கள்.

டிரைவர் அண்ணனிடம் கேட்டேன். "பின்னாலேர்ந்து ஏதோ சொல்லிக்கிட்டே வந்துச்சும்மா. காதுல விழுந்தத உள்ள சொல்லிட்டேன்" என்றார். அது என்ன, யாரிடம் சொன்னார் என்பது அவருக்கு நினைவில்லை. உள்ளே இருந்தவர்களோ, யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார்கள்.

கேட்டிருந்தால் நீ பிழைத்திருப்பாயா, தெரியாது. தெரியாது என்பதற்காக அவர்களைத் தப்பவிட எனக்கு மனமில்லை.

இப்போதெல்லாம் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறேன். எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிவிட்டு ஒன்று கேட்கிறேன்: "வர்ற வழியில அவங்க இன்னா சொன்னாங்க?" இன்டர்வியூ ஆரம்பித்துவிட்டாள் என்று டாக்டர் ஒருவர் கிண்டல் செய்கிறார். வண்டியில் கூட வந்தவர்கள் பெரும்பாலும், ஒன்றும் சொல்லவில்லை சிஸ்டர் என்பார்கள். நான் கம்பியை விடாமல் நிற்பேன். கொஞ்ச நேரத்தில் அவர்களுக்கு ஏதாவது ஒன்று நினைவுக்கு வரும்.