ட்ரான்ஸ்போமருக்குக் கீழே வடைச்சட்டி

திங்கள். விடிய மழை, பிறகு வெயில்.

எங்கள் ஒழுங்கைக்கு முதல் டிவி வந்து, சனமெல்லாம் ஒரே ஜன்னலில் தொங்கின வருஷம். அந்த வருஷம்தான் முனையில் இரண்டு தூண் நட்டு ட்ரான்ஸ்போமர் ஏற்றினது. இலக்கத்தில் எனக்கு வருஷம் வராது. எழுத்தும் வராது. மகள் போனில் ஏதோ பூட்டித் தந்தவள், நான் சொல்ல அது எழுதுது. ஒருத்தருக்கும் காட்டுறதில்லை.

இன்று அந்தப் பழசை இறக்கினார்கள். எண்ணெய் ரோட்டில் சிந்திக் கறுப்பாய்க் கிடந்தது. நாற்றம். மண் போட்டு மூடினோம். கீழே நிற்கிற என் வடை வண்டிலில் வியாபாரம் இல்லை. அரைத்த உளுந்து புளிச்சுப் போச்சு.

செவ்வாய். வெக்கை. கடைவாய்ப் பல் குத்து.

புதுசு ஏற்றியாச்சு. அதற்குள் ஒரு காகம் மேலே குந்திவிட்டது. உள்ளே இருக்கிறது விதையில் எடுத்த எண்ணெயாம். கரண்ட் கந்தோர் இஞ்சினியர், சிங்களப் பெடியன், நல்ல தமிழ். வடை தின்றபடி சொன்னான். தாத்தாவை அவர்கள் சீயா என்பார்கள்.

"சீயா, முந்தினது நிலத்துக்குள்ளால எடுத்த எண்ணெய். இது மரக்கறி எண்ணெய். லேசில நெருப்புப் பத்தாது. சிந்தினாலும் மண் தின்னும்."

"அப்ப என்ர சட்டியில கிடக்கிறதுக்கு இது சொந்தமோ?"

"ஓம் சீயா, சொந்தம்தான். ஆனா இதில வடை சுட வேணாம்."

"ஏன், உளுந்துக்குக் கரண்ட் அடிச்சுப் போடுமோ?"

பெடியனுக்குப் புரைக்கேறிவிட்டது. தண்ணி கொடுத்தேன். கரண்ட் கண்ட இடத்துக்குத் தாவாமல் மறிக்கவும் சூட்டை இறக்கவும்தான் எண்ணெயாம். நல்ல வேலை.

புதன். மூடாப்பு.

முன்னால் இருக்கிற ஹாட்வெயார்க் கடை மரியதாஸ் என்னில் முறைப்பாடு கொடுத்திருக்கிறான். ட்ரான்ஸ்போமருக்குக் கீழே நெருப்பு, வண்டிலைத் தூக்கு என்று. கந்தோர் ஆள் வாசித்துக் காட்டினார். தூணுக்கு முந்தியே நான் இங்கே இருந்ததற்குச் சாட்சி இருந்தால் எழுப்ப ஏலாதாம். பிந்தி வந்த ஆள் என்றால் எழும்ப வேணுமாம். வெள்ளிக்கிழமை விசாரிக்க வருவார்கள்.

மரியதாஸிடம் நேரே போனேன்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. ஒழுங்கை பத்தினா ஆர் பொறுப்பு?"

"பத்துற எண்ணெய் இருக்கேக்க வராத பயம், பத்தாத எண்ணெய் வந்தாப்போல வருதோ?"

"நெருப்பு நெருப்புத்தானே."

"நெருப்போ, உன்ர லொறி திரும்ப இடமோ?"

கடைக்குள்ளே போய் ஆணி நிறுக்கத் தொடங்கினான். "தூணுக்குப் பிறகு வந்த ஆள்தானே நீங்க" என்று உள்ளே இருந்தே ஒரு சொல்லு. எல்லாருக்கும் கேட்கத்தான்.

வியாழன். மழை.

வெள்ளவத்தையில் இருந்து மகள். "அப்பா, விட்டிட்டு இஞ்ச வாங்கோ. லிப்ட் இருக்கு, கடல் காத்து இருக்கு."

"கடலுக்கு வடை சுடவோ?"

போனை வைத்துவிட்டாள். பாவம். ஆனால் போகமாட்டேன். தூண் நட்டுச் சில வருஷத்தில், தமிழரை அடிச்ச ஆடிக் கலவரத்தில், இதே இடத்தில் என் வண்டிலை எரித்தார்கள். திரும்பி வந்து, கரியைக் கூட்டித் தள்ளிப்போட்டு, அதே இடத்தில்தான் அடுப்பு மூட்டினேன். மரியதாஸின் ஒரு காகிதத்துக்கு எழும்புவேனோ.

செத்தல் மிளகாய் முடிஞ்சுது. வாங்க வேணும்.

வெள்ளி. நல்ல வெயில்.

அடுப்பை மூட்டி வைத்துக்கொண்டுதான் நின்றேன். விசாரிக்க வந்தது ஒரு அம்மா, கொப்பியோடு. மரியதாஸ் பக்கத்தில் கைகட்டி. ஒழுங்கைச் சனம் சுற்றிவர.

"தூண் நடேக்க நீங்க இஞ்ச இருந்ததுக்கு ஆர் சாட்சி, ஐயா?"

"கயிறு பிடிச்சு இழுத்தது நாலு பேர். பீரிஸ், லைன் வேலைக்காரன், நெஞ்சு வருத்தத்தில போனான். சுல்தான் நானா, சர்பத் கடை, ஹஜ்ஜுக்குப் போய் வந்த கையோட மௌத்து. தேவசகாயத்தைக் கனடாவில புதைச்சது."

"மற்ற ஆள்?"

"அப்ப மீசை முளைக்காத பெடியன். கயிறு வழுக்கி உள்ளங்கை உரிஞ்சு அழுதவன். என்ர போத்தல் தேங்காயெண்ணெயை நான்தான் பூசிவிட்டனான், இந்த இடத்தில, இந்த அடுப்படியில."

"உயிரோட இருக்கிறாரோ?"

"அவர் ஒருத்தர்தான் மிச்சம்."

"பேர்?"

சட்டியில் கிடந்த வடையைத் திருப்பிப் போட்டுவிட்டு, தகப்பன் பேரும் சேர்த்துச் சொன்னேன்.

"சேவியர் மரியதாஸ்."