நாலாவது மாடியின் கை

3 செப்டம்பர்
மீன் கடையில் என்கார்னா எனக்கும் சேர்த்தே செவுள் தூக்கிப் பார்த்து வாங்கினாள். பிறகு கீழ்வீட்டில், அவள் அடுப்படியில் காப்பி. காதிஸ் நகரம் முழுக்கத் தேடினாலும் அந்தச் சன்னல் வெயிலுக்கு ஈடு கிடையாது. அயர்லாந்தை விட்டு ஸ்பெயினுக்கு வந்த இந்த ஆறு வருஷத்தில் எனக்கென்று இருக்கும் சிநேகிதி இவள் ஒருத்திதான்.

14 செப்டம்பர்
வியாழக்கிழமை என் வீட்டுக்காரர் ஃபெர்கஸுக்கு இடுப்பில் ஆபரேஷன். அன்று சாயங்காலமே எங்கள் குடியிருப்புக் கூட்டம்: லிஃப்ட் வேண்டுமா, வேண்டாமா? லிஃப்ட் இல்லையென்றால் இவரால் இனி நாலு மாடி ஏற முடியாது. வீட்டை விற்றுவிட்டுத் திரும்பிப் போக வேண்டியதுதான். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் தங்கள் ஓட்டை இன்னொரு வீட்டாரிடம் ஒப்படைப்பது இங்கே வழக்கம். எப்போதும்போல நான் என்கார்னாவிடம் ஒப்படைத்தேன், லிஃப்ட் வேண்டும் என்று சொல்லி.
"நீ ஆஸ்பத்திரியைக் கவனி அம்மாடி. உன் கையை நான் தூக்குறேன்" என்றாள்.

17 செப்டம்பர்
ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லிஃப்ட் தோற்றுவிட்டது. ஒரே ஒரு கை குறைவாம். என்கார்னா போனில் அழுதாள். நான்தான் தேற்றினேன்.

29 செப்டம்பர்
ஃபெர்கஸை நாற்காலியோடு மேலே தூக்கி வந்தார்கள். "புனித வாரத்துச் சப்பரம் மாதிரியில்ல வர்றாரு!" என்று இரண்டாவது மாடி மிலாக்ரோஸ் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். இனி எப்போது இறங்குவார்?

6 அக்டோபர்
படியில் மிலாக்ரோஸைப் பார்த்து லிஃப்டைப் பற்றிப் புலம்பினேன். ஒரு மாதிரிப் பார்த்தாள்.
"இப்ப அழுது என்ன பண்றது? நீயேதான வேணாம்னுட்ட! என்கார்னா உன் பேரைச் சொல்லித்தான எதிர்த்து கை தூக்கினா."
என் பேரைச் சொல்லி. என் ஓட்டை வைத்தே.
எப்படி மனசு வந்துது அவளுக்கு? போன்ல அழுதாளே, அது என்ன அழுகை?

7 அக்டோபர்
என்கார்னாவிடமே கேட்டுவிட்டேன். அவள் பூண்டு உரிப்பதை நிறுத்தவில்லை.
"முற்றத்துல லிஃப்ட் வந்தா என் சன்னல் அடைஞ்சிரும். பட்டப்பகல்ல விளக்குப் போட்டுக்கிட்டு உக்காரணும். நீங்க இன்னைக்கோ நாளைக்கோ ஊருக்குப் போயிருவீங்க. நான் இங்கதான சாகணும்?"
"போறோம்னு யாரு சொன்னா?"
"வெளிநாட்டுக்காரங்க எல்லாரும் போயிடுறாங்க."
ஆறு வருஷமா அவளுக்கு நான் விருந்தாளியா? நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டா.

8 அக்டோபர்
காப்பிக்குப் போகவில்லை.

20 அக்டோபர்
குடியிருப்புத் தலைவர் இலாரியோவிடம் மறுபடி கூட்டம் போடச் சொன்னேன். "எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவோமே, உனக்கு ஒண்ணும் புரியாதே" என்றார். "நானும் கத்துறேன்" என்றேன்.

12 நவம்பர்
மறுபடி கூட்டம். ஓட்டெடுக்கும்போது பழக்கதோஷத்தில் இலாரியோ, "நாலாவது மாடிக்கு என்கார்னாதான?" என்றார்.
"நாலாவது மாடி இங்கயே உக்காந்திருக்கு."
கை தூக்கினேன். ஒரு கை வித்தியாசத்தில் ஜெயித்தோம். என்கார்னா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

2 ஜூன்
லிஃப்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. ஃபெர்கஸ் தானே இறங்கி டொமினோ ஆடப் போனார். நான் மீனோடு திரும்பினேன், நானே செவுள் தூக்கிப் பார்த்து வாங்கிய மீன். தெருவில் கண் கூசும் வெயில். என்கார்னாவின் அடுப்படியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காப்பி வாசனை வந்தது.
லிஃப்ட் கதவு திறந்தது. ஏறிக்கொண்டு நாலை அழுத்தினேன்.