சேவியர் மட்டும் தெளிவாக

என் செல்ல ராட்சசன் சேவியர் அண்ணே,

விண்ணுலகவாசிகள் அனைவரும் எழுந்து நிற்கவும். ஜெலுத்தோங்கில் நம் ஃப்ளாட்டின் லிஃப்ட் ஓடுகிறது என்பதை ஆழ்ந்த மகிழ்ச்சியுடன் அறிவித்துக்கொள்கிறோம். நீ இருந்தவரை நம்மைப் படியேற விட்ட லிஃப்ட், நீ போனதும் திருந்திவிட்டது. உன் எடைக்குத்தான் பயந்திருக்குமோ?

அதை விடு. பெரிய சேதி வேறு. டெங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருடம் ஆனதற்கு நேற்று சர்ச்சில் பூசை வைத்தார்கள். பிறகு உன் வீட்டில் சாப்பாடு. அங்கே உன் தம்பி நான் செய்த காரியத்துக்குப் பினாங்கு பாலமே கைதட்டியிருக்கும்.

உன் அம்மாவைத்தான் தெரியுமே. நாம் கம்ப்யூட்டரில் கேம் விளையாடும்போது, இந்தப் பொம்மைகளில் எதுடா நீ என்று கேட்டுக் கேட்டே களைத்துப்போவார். லீவுக்கு முன்னால் நம் கடைசி மேட்ச் வீடியோவைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஒரே கூட்டம், புகை, மரம், ஓட்டம்.

"எம்புள்ளைய மட்டும் காட்டுப்பா, ரிஷி" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

கல்யாண ஃபோட்டோவில் மாப்பிள்ளை மட்டும் பளிச்சென்று இருக்க, பின்னால் நிற்கும் சித்தப்பா பஞ்சுமிட்டாயாகக் கரைந்திருப்பாரே, அப்படிச் செய்வது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன். நீ தெளிவு, உலகம் மங்கல். மங்கலாக்குவதும் மங்கலம்தானே?

சொல்வது சுலபம் லா. கேம் வீடியோவுக்கு எது பக்கம், எது தூரம் என்று ஒன்றும் தெரியாது. எல்லாம் ரொட்டி சானாய் மாதிரி ஒரே தட்டை. ஒவ்வொரு படமாக நிறுத்தி, உன் உருவத்தைச் சுற்றிக் கோடிழுத்து வெட்டி, மிச்சத்தை மங்கலாக்க வேண்டும். பக்கத்து மரத்துக்குக் கொஞ்சம், தூரத்து மலைக்கு நிறைய. ஸ்கூல் லீவு முழுக்க இதே வேலை. என் கம்ப்யூட்டரின் காற்றாடி பட்டர்வொர்த் ஃபெர்ரி மாதிரி உறுமியது.

முதல் தடவை கோடு சரியாக விழவில்லை. உன் தலையைச் சுற்றி ஓர் ஒளிவட்டம். சர்ச் ஜன்னல் புனிதர் மாதிரியே நின்றாய். சாமியாரின் செருப்பை ஒளித்துவைத்தவனுக்கு ஒளிவட்டமா? உடனே அழித்தேன்.

நேற்று பிரியாணிக்கு முன்னால் டிவியில் போட்டேன். புகைக்கு நடுவே ஆரஞ்சுச் சட்டை, ஓலைத்தொப்பி, பளிங்கு மாதிரித் தெளிவு. எதிரியின் கோட்டைமேல் ஏறிக் கொடியை நட்டாய். உலகமே உனக்குப் பின்னால் கரைந்துபோயிருந்தது. பாலிக் புலாவிலிருந்து வந்திருந்த உன் மாமா எழுந்து நின்று கைதட்டினார். உன் அம்மா அழுதுகொண்டே சிரித்தார். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். எல்லாம் நான் ஒருத்தனே செய்தது என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. குழம்பு ஊற்ற வந்தவரிடம்கூட.

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். ஆனால் நீ அங்கிருந்து பார்த்து வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். அதனால் சொல்லிவிடுகிறேன்.

எல்லாரும் சாப்பிடப் போனபின் உன் அம்மா மறுபடி போடச் சொன்னார். ஓரிடத்தில் நிறுத்தி, கோட்டைக்குக் கீழே மங்கலாகத் துள்ளிக்கொண்டிருந்த ஒன்றைக் காட்டினார்.

"இது யாருப்பா?"

"அது நான், ஆன்ட்டி."

"நீயா? நிக்காம குதிக்குதே, அப்படியே எம்புள்ளையாட்டம்."

சும்மா சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்ததும் நேரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அன்று எதிரிகளைக் குழப்ப நாம் இருவரும் ஒரே சட்டை, ஒரே தொப்பி போட்டிருந்தோம். வீடியோ அழகாக இருக்கட்டும் என்று தலைக்கு மேலிருந்த பெயர்களை மறைத்தவனும் நானே. யார் எங்கே நின்றோம் என்பது ஒரு வருடத்தில் மறந்துபோய், கொடி நட்ட வீரன் நீயாகத்தான் இருப்பாய் என்று நினைத்துவிட்டேன். கேமுக்குள் போய் அதே மேட்சைத் திறந்து, பெயர்களைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன்.

கொடி நட்டது நான். ஜெயித்த சந்தோஷத்தில் கீழே குதித்தது நீ. லீவு முழுக்க உட்கார்ந்து, உன்னைத்தான் அண்ணே, அவ்வளவு கவனமாக மங்கலாக்கியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் திரும்பச் செய்துவிடுவேன், சத்தியம். நீங்கள் காட்டியதுதான் அவன் என்று உன் அம்மாவிடம் நானே போய்ச் சொல்வேன். இந்தத் தடவை கொடியும் நானும் கரைந்துபோகிறோம். நீ குதி.

சில மாதம் பிந்திப் பிறந்த பாவத்துக்காக உன்னை அண்ணே என்று கூப்பிட்டே பழகிப்போன தம்பி,
ரிஷி